புஷ்பாக்கா பேச்சு

இரண்டாம் ஆண்டு பாதி தாண்டும் வரை புஷ்பராணிக்குத் தமிழ் பேச வரும் என்பதே எனக்குத் தெரியாது. விரிவுரை மண்டபத்தில் எனக்கு இரண்டு வரிசை முன்னால் உட்காருவாள். சீனத் தோழிகளோடு ஆங்கிலம், மலாய்த் தோழிகளோடு மலாய். என்னைக் கண்டால் ஒரு சிரிப்பு, ஒரு ஹலோ, அதோடு சரி. நான் தாசேக் கெலுகோரில் ரப்பர் தோட்டத்து வீட்டிலிருந்து வந்தவள். தமிழ் முகம் ஒன்று கண்ணில் பட்டால் நான்கு வார்த்தை பேசாமல் என்னால் இருக்க முடியாது. அவள் அந்த நான்கு வார்த்தைக்கு இடமே கொடுக்கவில்லை.

"சிலோன்காரப் பொண்ணு. சரியான சோம்போங்லா," என்று அறைத்தோழியிடம் சொல்லிவிட்டு அவளை அப்படியே விட்டுவிட்டேன். தலைக்கனம் பிடித்தவர்களைப் பினாங்கில் எல்லா இனத்தாரும் சோம்போங் என்றுதான் சொல்வோம்.

அது 1983. எங்களுக்கு மொழியியல் எடுத்த டாக்டர் ரோஹானா ஒரு நாள் வகுப்பு முடிந்து புத்தகங்களை அடுக்கிக்கொண்டே மலாயில் கேட்டார்.

"வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் யாராவது உண்டா? எனக்கு இரண்டு பேர் வேண்டும்."

என் கை உடனே மேலே போனது. புஷ்பராணியின் கை காதுவரை போய், முடியை ஒதுக்குவது போல அங்கேயே நின்றது.

"அது கையா, இல்லை முடியைச் சரி செய்கிறாயா?" என்றார் டாக்டர்.

வகுப்பு சிரித்தது. "கைதான், டாக்டர்," என்றாள் புஷ்பராணி, குனிந்த தலை நிமிராமல்.

அப்படித்தான் நாங்கள் இருவரும் குழந்தை மொழி ஆய்வகத்தில் உதவியாளர்கள் ஆனோம். ஆய்வகம் என்றதும் கண்ணாடிக் குழாய்களை நினைக்க வேண்டாம். முன்பு உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்த அறை அது. இரண்டு டேப் ரெக்கார்டர், காதில் மாட்டிக் கேட்கும் கருவி, ஒரு பிரம்புக்கூடை நிறைய விளையாட்டுச் சாமான். சன்னல் வழியே பார்த்தால் கடலுக்குள் புதுப் பாலத்தின் தூண்கள் ஒவ்வொன்றாக எழும்பிக்கொண்டிருப்பது தெரியும்.

டாக்டர் ரோஹானாவின் கேள்வி எளிமையானது. பினாங்கில் ஒரு குழந்தை மூன்று மொழிகளுக்கு நடுவில் வளர்கிறது. எதை எந்த மொழியிலிருந்து எடுத்துக்கொள்கிறது? எப்போது கலக்கிறது, எப்போது பிரிக்கிறது? அதற்காக ஒரு மலாய் வீடு, ஹொக்கியன் பேசும் ஒரு சீன வீடு, ஒரு தமிழ் வீடு என்று பார்த்து வைத்திருந்தார். தமிழ் வீடு எங்கள் பொறுப்பு. புஷ்பராணி தமிழ்ப் பள்ளியில் படிக்காதவள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். எனவே அவள் அந்தத் தமிழ் வீட்டுக்குப் போய்க் குழந்தையோடு விளையாடிப் பேச்சைப் பதிவு செய்ய வேண்டும். நான் ஆய்வகத்தில் உட்கார்ந்து, டேப்பைக் கேட்டு, குழந்தை சொன்னதைச் சொன்னபடியே எழுத வேண்டும்.

"ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்," என்றார் டாக்டர். "நீங்கள் ஆசிரியைகள் இல்லை. குழந்தைக்கு எதையும் கற்றுக்கொடுக்கக் கூடாது. விளையாடுங்கள். அது பேசட்டும்."

வீடு சுங்கை பினாங்கில், ஆற்றோரப் பலகை வீடுகளில் ஒன்று. வடிவம்மாள் என்ற பெண்மணி பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் காலை ஷிப்ட் வேலை பார்த்தார். கணவர் சந்திரசேகரன் துறைமுகத்தில் லாரி ஓட்டினார். அவர்களின் ஒரே மகள் லோகேஸ்வரி. எல்லாருக்கும் லோகு. இரண்டு வயது நிரம்பியிருந்தது. அம்மா வேலைக்குப் போகும் நேரத்தில் பக்கத்து வீட்டு ஆ சிம் என்ற சீன அம்மாள் பார்த்துக்கொள்வார். அதனால் பசித்தால் ஹொக்கியனிலும், எதிர்வீட்டு மலாய்ப் பிள்ளைகளோடு சண்டை போட மலாயிலும், அம்மாவிடம் சிணுங்கத் தமிழிலும் பேசும் குழந்தை.

முதல் நாள் நடந்ததை வடிவக்கா பிறகு எனக்குச் சொல்லியிருக்கிறார். புஷ்பராணி பாவாடையும் பொத்தான் சட்டையுமாகப் போய் வாசலில் நின்று, புத்தகத்தைப் படிப்பது போலத் தமிழ் பேசினாளாம்.

"வணக்கம் அக்கா. நான் பல்கலைக்கழகத்திலிருந்து வருகிறேன்."

"உள்ள வாங்க தங்கச்சி. என்னா இது, ரேடியோவுல நியூஸ் வாசிக்கிற மாதிரி பேசுறீங்க!"

லோகு அவளைப் பார்த்ததும் சாப்பாட்டு மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. அம்மா கூப்பிட்டும் வரவில்லை. வடிவக்கா அடுப்பைப் பார்க்கப் பின்பக்கம் போனார். திரும்பி வந்தபோது புஷ்பராணியும் மேசைக்கு அடியில் இருந்தாள், முழங்காலை மடக்கி, தலையைச் சாய்த்துக்கொண்டு.

அந்த டேப்பை நான் மறுநாள் கேட்டேன். முதலில் வெறும் கரகரப்பு, தெருவில் மோட்டார் சைக்கிள். பிறகு நான் அதுவரை கேட்டிராத ஒரு குரல்.

"இஞ்ச வாங்கோ, குஞ்சு. பயப்படாதேங்கோ. நான் ஒண்டும் செய்யமாட்டன். இந்த யானையைப் பாருங்கோ, பாவம், அதுக்குப் பசிக்குதாம்."

டேப்பை நிறுத்திவிட்டு, சரியான டேப்தானா என்று அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். வகுப்பில் ஹலோ மட்டும் சொல்கிறவளின் குரலா இது? இரண்டு வயதுக் குழந்தையை 'வாங்கோ' என்று மரியாதையாகக் கூப்பிட்டது எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, கேட்கவும் இதமாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து மேசைக்கு அடியிலிருந்து லோகுவின் முதல் சொல் வந்தது. "மம்." யானைக்குச் சோறு.

வாரா வாரம் புதன்கிழமை பிற்பகல் அவள் போனாள். வடிவக்கா லோகுவுக்கு நெஞ்சில் பை வைத்த சின்ன அங்கி ஒன்று தைத்துக் கொடுத்தார், ஒலிவாங்கியை அதற்குள் போட. அதை மாட்டினால் புஷ்பாக்கா வந்துவிட்டாள் என்று அர்த்தம். சில நாள் காலையிலேயே அதை எடுத்து மாட்டிக்கொண்டு ஆ சிம் வீட்டு வாசலில் போய் நின்றுகொள்ளுமாம். மழை வந்தால் துத்தநாகக் கூரைச் சத்தத்தில் பதிவு வீண். அப்போதும் அவள் திரும்பி வந்துவிடவில்லை. ரெக்கார்டரை அணைத்துவிட்டு விளையாடிக்கொண்டிருப்பாள்.

ஒரு மழை நாளில் வடிவக்கா வேலையிலிருந்து வந்தபோது லோகு கையில் ஒரு காகிதப்பூவை வைத்துக்கொண்டு ஓடி வந்தது.

"அம்மா, பூ வடிவு!"

"என்னடி, அம்மா பேர தூக்கி பூவுக்கு வெச்சிட்டியா?"

"பூ வடிவு. யானை வடிவு. ஆ சிம் வடிவு இல்ல."

புஷ்பராணி சுவரில் சாய்ந்து சிரித்துவிட்டாள். "அக்கா, எங்க வீட்டில அழகா இருந்தா வடிவுன்னுதான் சொல்லுவோம். என் வாயில வந்திருச்சு, புடிச்சுக்கிட்டா."

"அழகா? அப்போ எங்கப்பா எனக்கு சரியாதான் பேரு வெச்சிருக்காரு!"

அன்று சாயங்காலம் புருஷனிடம் அவர் இதைப் பெருமையாகச் சொல்ல, சந்திரசேகரன், "சிலோன்ல வேற அர்த்தம் ஏதும் இருக்கப் போவுது, நல்லா கேட்டுக்கிட்டு வா," என்றாராம். ஒரு சொல்தானே என்று புஷ்பராணி நினைத்திருக்கிறாள். கற்றுக்கொடுக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னது லேசாக உறுத்தினாலும், குழந்தை தானாகப் பிடித்ததுதானே என்று சமாதானம் செய்துகொண்டாள்.

எனக்கு இதெல்லாம் அப்போது தெரியாது. எனக்குத் தெரிந்தது டேப் மட்டும். அதில் ஒரு சங்கதி உண்டு. பெரியவர்கள் பேசுவதை நாம் எழுத்தெழுத்தாகக் கேட்பதில்லை. என்ன சொல்வார்கள் என்று நம் காதுக்கு முன்னமே தெரியும், அதையே கேட்டுக்கொள்ளும். குழந்தை பேச்சைத்தான் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்போம். மேலும் புஷ்பராணி பேசுவதை நான் முழுதாக எழுத வேண்டியதில்லை. 'கேள்வி', 'விளையாட்டு' என்று குறித்தால் போதும் என்பது டாக்டரின் ஏற்பாடு.

வருடக் கடைசியில் லோகு வாக்கியம் பேச ஆரம்பித்தது. அப்போதுதான் அந்தச் சொல் வந்தது. தன் கையில் இருப்பதை 'இது' என்றது. சன்னலுக்கு வெளியே போகும் பூனையை 'அது' என்றது. ஆனால் புஷ்பராணியின் கையில் இருக்கும் யானை வேண்டும் என்றால், "உது தா."

முதலில் நாக்குத் தடுமாற்றம் என்று நினைத்தேன். அடுத்த டேப்பிலும் உது. அதற்கடுத்ததிலும். ஒவ்வொரு தடவையும் புஷ்பராணியிடம் இருக்கும் பொருளுக்குத்தான். நான் சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு டாக்டரிடம் கொடுத்தேன்.

"தமிழில் இப்படி ஒரு சொல் இருக்கிறதா, தனலெட்சுமி?"

தமிழ்ப் பள்ளியில் இலக்கணத்தில் முதல் மதிப்பெண் வாங்கியவள் நான். சுட்டெழுத்து மூன்று: அ, இ, உ. மூன்றாவது பழைய காலத்தோடு போய்விட்டது என்று எங்கள் வாத்தியார் சொல்லியிருந்தார். அதையே சொன்னேன்.

"இப்போது யாருமே பேசுவதில்லையா?"

"யாருமே இல்லை, டாக்டர்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். முகத்தில் வெளிச்சம் ஏறிக்கொண்டே வந்தது. "மலாயில் எங்களுக்கு மூன்று உண்டு. சினி, இங்கே. சித்து, நீ இருக்கும் இடத்தில். சானா, அங்கே தூரத்தில். இந்தக் குழந்தை எதிர்வீட்டுப் பிள்ளைகளிடம் அதைக் கேட்கிறது. தமிழில் நடுவில் ஓர் இடம் காலியாக இருப்பதைக் கண்டுபிடித்து, அதில் தானே ஒரு சொல்லைச் செய்து வைத்திருக்கிறது! அதுவும் செத்துப்போன அதே சொல்லை!"

எனக்கும் உடம்பு சிலிர்த்தது. சுங்கை பினாங்கு லாரிக்காரர் மகள், வாயில் எச்சில் ஒழுகிக்கொண்டே, இலக்கணத்தின் காணாமல் போன எழுத்தைத் திரும்பக் கொண்டு வந்துவிட்டது என்றால் யாருக்குத்தான் சிலிர்க்காது?

கோலாலம்பூரில் நடக்கவிருந்த ஒரு கருத்தரங்குக்கு டாக்டர் இதையே கட்டுரையாக எழுதினார். போவதற்கு முந்திய வாரம் உதவியாளர்கள் எல்லாரையும் ஆய்வகத்தில் உட்கார வைத்து ஒரு முறை வாசித்துக் காட்டினார். புஷ்பராணி கூடைப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பொம்மைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அதுவரை அவள் என் எழுத்துப் பிரதிகளைப் பார்த்ததே இல்லை. டாக்டர் மலாய் உச்சரிப்பில் "உது தா" என்று சொன்னதும் அவள் கை நின்றது. அடுத்த எடுத்துக்காட்டு, அதற்கடுத்த எடுத்துக்காட்டு என்று அவர் வாசிக்க வாசிக்க அவள் துணியை மடித்து, விரித்து, மறுபடி மடித்தாள்.

முடிந்ததும் எல்லாரும் கைதட்டினோம். அவள் என் மணிக்கட்டைப் பிடித்து மாடிப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"தனம், உது என்னோடது."

"எது?"

"உது! அந்தச் சொல்லு. லோகு ஒண்ணும் கண்டுபிடிக்கல. எங்க வீட்டில எல்லாரும் அப்படித்தான் பேசுவோம். உன் கையில இருந்தா அது உது. எனக்கு அது வித்தியாசமான சொல்லுன்னே தெரியாது. லோகு சொன்னப்பகூட எனக்குக் கேக்கல. என் அம்மா சொல்ற மாதிரி இருந்துச்சு, அவ்வளவுதான்."

நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். யாருமே பேசுவதில்லை என்று சொன்னவள் நான்தானே. எங்கள் தலைக்கு மேலே டாக்டர் யாருக்கோ சிரித்துச் சிரித்துப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நீ ஏன் எங்ககூட உங்க வீட்டுத் தமிழ்ல பேசுறதே இல்ல?" என்று கேட்டேன். அந்த நேரத்தில் கேட்கக் கூடிய கேள்வியா என்று தெரியவில்லை. ஆனால் பல மாதமாக எனக்குள் இருந்தது.

அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள். ஆங்கில ஆரம்பப் பள்ளியில் ஒரு தமிழ் வாத்தியார் கூப்பிட்டதற்கு இவள் 'ஓம்' என்றிருக்கிறாள். அவர்கள் வீட்டில் ஆமாம் என்பதற்கு ஓம். மற்றத் தமிழ்ப் பிள்ளைகள் அன்றிலிருந்து இவளைக் கண்டால் கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டு, 'ஓம், ஓம்' என்று மந்திரம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். அந்த வருடத்தோடு வெளியே தமிழை நிறுத்திவிட்டாள். ஆங்கிலத்தில் யாரும் சிரிக்கவில்லை.

"அப்போ லோகுகிட்ட மட்டும்?"

"சின்னப் பிள்ளைகிட்டப் பேச எனக்கு வேற தமிழ் தெரியாது, தனம். என்னை வளர்த்த தமிழ் அதுதான்."

அன்று வீட்டுக்குப் போய் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள நினைத்திருக்கிறாள், தான் தவறாக நினைக்கிறோமோ என்று. அப்பா ஏரம்பமூர்த்தி ஓய்வு பெற்ற ரயில்வே கிளார்க், ஆங்கிலம்தான் அதிகம். அம்மா நல்லம்மா கல்யாணமாகி யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலில் வந்தவர். சாப்பிட உட்கார்ந்தபோது இவள் ஒரு கரண்டியைத் தூக்கிப் பிடித்துக் கேட்டிருக்கிறாள்.

"அம்மா, என்ர கையில என்ன இருக்கு?"

"ஏன் பிள்ளை, உது கரண்டி. உனக்கென்ன, காய்ச்சலோ?"

சந்தேகம் தீர்ந்தது. மறுநாள் காலை டாக்டரின் அறைக்குப் போகும்போது என்னையும் கூட வரச் சொன்னாள். கதவுக்கு வெளியே நின்று, "நான் சொல்லும்போது நீ குறுக்க பேசாத," என்றாள்.

அவள் மலாயில் சொல்லி முடித்தாள். சுற்றி வளைக்கவில்லை. டாக்டர் ரோஹானா கட்டுரைத் தாள்களின் ஓரத்தைத் தட்டித் தட்டி ஒன்றாக்கினார். பிறகு, "பேசிக் காட்டு," என்றார்.

"என்ன பேசுறது, டாக்டர்?"

"எதையாவது. வீட்டில் பேசுவது போல."

புஷ்பராணி என்னைப் பார்த்தாள். என் கையில் என் குடை இருந்தது. "தனம்," என்றாள், "உது ஆற்ற குடை? வடிவா இருக்கு. வெளியில மழை வரும் போல கிடக்கு. நீ கெதியா வீட்டை போ."

குடை யாருடையது, மழைக்கு முன்னால் சீக்கிரம் வீட்டுக்குப் போ என்கிறாள்; எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. டேப்பில் பல மாதம் கேட்ட தமிழ் முதல் முறையாக என்னைப் பார்த்துப் பேசியது. டாக்டர் சிரிக்கவில்லை.

"இத்தனை மாதம்," என்றார். "என் பெயரைப் போட்டு நிகழ்ச்சி நிரல் அச்சடித்துவிட்டார்கள். போங்கள் இருவரும்."

கருத்தரங்குக்கு அவர் போகவில்லை. அந்த வாரம் முழுக்க எங்களிடம் வேலையைத் தவிர வேறு பேச்சில்லை. புஷ்பராணி சுங்கை பினாங்குக்கும் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார். புதன்கிழமை வந்தது. அவள் நூலகத்தில் ஒரே பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். லோகு அங்கியை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கும் என்று அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

அடுத்த திங்கட்கிழமை டாக்டர் என்னைக் கூப்பிட்டார். "அந்தக் குழந்தை அம்மாவிடமும் இப்படிப் பேசுகிறதா? யாருக்காவது தெரியுமா?"

எங்களிடம் இருந்த எல்லா டேப்பிலும் புஷ்பராணி இருந்தாள். அவள் இல்லாத டேப் ஒன்று கூட இல்லை. எனவே நான் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு போய் வடிவக்காவிடம் கொடுத்து, விஷயத்தையும் சொல்லி, சனி ஞாயிறு வீட்டில் சும்மா ஓடவிடச் சொன்னேன். வாசலில் லோகு என்னை ஏற இறங்கப் பார்த்தது. எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தது. யாரும் இல்லை என்று தெரிந்ததும் உள்ளே போய்விட்டது.

"புள்ள ரொம்ப சூசா பண்ணுது, சமாளிக்க முடியல தங்கச்சி," என்றார் வடிவக்கா. "புதன்கெழம சோறே எறங்கல. அந்தப் பொண்ணுக்கு என்னா, காய்ச்சலா?"

டேப் திரும்பி வந்தது. வெங்காயம் தாளிக்கும் சத்தம், சந்திரசேகரனின் இருமல், வானொலி. லோகு நிறையப் பேசியது. அம்மா கையில் இருந்த சட்டை 'அது'. அப்பா கையில் இருந்த செருப்பும் 'அது'. எங்கேயும் உது இல்லை. கடைசியில், நாங்கள் கேட்காமலே, வடிவக்கா தானாக ஒரு சோதனை செய்திருந்தார்.

"லோகு, அம்மா கையப் பாரு. உது என்னா?"

குழந்தை களுக்கென்று சிரித்தது.

"அம்மா, அது டின்."

"உது இல்லியா?"

"அம்மா சொல்லாத. அது புஷ்பாக்கா பேச்சு."

"அப்பா சொல்லலாமா?" என்று சந்திரசேகரன் எங்கிருந்தோ கேட்டார்.

"அப்பாவும் வேணா. புஷ்பாக்கா பேச்சுலா!"

நான் மலாயில் பெயர்த்துச் சொல்லச் சொல்ல டாக்டர் அதை மூன்று முறை ஓடவிட்டுக் கேட்டார். பிறகு தானே எழுந்து போய் நூலகத்திலிருந்து புஷ்பராணியைக் கூட்டி வந்து நான்காம் முறை ஓடவிட்டார். புஷ்பராணி கேட்கும் கருவியை இரண்டு கையாலும் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். முடிந்த பிறகும் கழற்றவில்லை. கண் நிறைந்துவிட்டது.

"ஹொக்கியனை ஆ சிம்முக்கு வைத்திருக்கிறது. மலாயை எதிர்வீட்டுக்கு. உன் தமிழை உனக்கு," என்றார் டாக்டர். "இரண்டு வயதில் யாரிடம் எதைப் பேச வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது." அப்புறம் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்: "நான் வகுப்பில் யாருக்குத் தமிழ் தெரியும் என்று கேட்டேன். எந்தத் தமிழ் என்று கேட்கவில்லை. அதைக் கேட்பது உன் வேலையில்லை, என் வேலை. புதன்கிழமை போ. தனலெட்சுமியும் உன்னோடு வரட்டும்."

அந்தப் புதன்கிழமையை நான் நேரில் பார்த்தேன். லோகு ஓடி வரவில்லை. கோபத்தில் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டது. புஷ்பராணி கதவருகிலேயே தரையில் உட்கார்ந்து, "என்னோட கோவமோ, குஞ்சு?" என்றாள். குழந்தை திரும்பாமலே, "ஓம்," என்றது. வடிவக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையல்கட்டுக்குள் போய்விட்டார்.

அடுத்த வருடம் டாக்டர் ரோஹானா எழுதிய அறிக்கையில் லோகு ஒரு சின்ன அத்தியாயம். முதலில் நினைத்த கட்டுரை அளவுக்குப் பெரிய பேச்சு அதற்குக் கிடைக்கவில்லை. புஷ்பராணியோ அதற்குப் பிறகு கேண்டீனில் என்னோடு தன் தமிழிலேயே பேச ஆரம்பித்தாள். 'பேந்து வாறன்' என்றால் பிறகு வருகிறேன் என்று எனக்குப் புரியப் பல நாள் பிடித்தது. நான் சிரித்தால், வாக்கியத்துக்கு வாக்கியம் நான் ஒட்டும் 'லா'வை எண்ணிக் காட்டுவாள். பிறர் முன்னால் பேசுவதற்கு மட்டும் அவளுக்கு இன்னும் காலம் பிடித்தது. பஸ்ஸில் யாராவது திரும்பிப் பார்த்தால் குரல் தானாகத் தணிந்துவிடும்.

பட்டம் வாங்கிய பிறகு அரசாங்க வேலைக்கு எழுதிப் போட்டுக் காத்திருந்தாள். அந்த இடைவெளியில் ஜெலுத்தோங்கில் ஒரு பாலர் பள்ளியில் சேர்ந்தாள். அரசாங்க வேலை வந்தபோது வேண்டாம் என்று எழுதிவிட்டாள். ஏரம்பமூர்த்தி ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. பிறகு கப்பல் நிறுவனத்தில் வேலை பார்த்த குலசேகரம் என்பவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவர் வீட்டில் இரண்டு தலைமுறையாக ஆங்கிலம்தான். பெண் பார்க்க வந்த அன்றே, "பிறக்கிற பிள்ளையளோட நான் தமிழிலதான் கதைப்பன், உங்களுக்கு விளங்காட்டி என்னட்டைக் கேளுங்கோ," என்று சொல்லிவிட்டாளாம். அவருக்கு அந்த வாக்கியத்திலேயே பாதி விளங்கவில்லை; தலையை மட்டும் ஆட்டினேன் என்று இன்றும் சொல்லிச் சிரிப்பார்.

வடிவக்கா குடும்பம் பாலம் திறந்த பிறகு அக்கரையில் பிறை என்ற ஊர்ப் பக்கம் அடுக்குமாடிக்குக் குடிபோனது. தீபாவளிக்குத் தீபாவளி பார்த்துக்கொண்டார்கள், அப்புறம் அதுவும் குறைந்தது. ஒரு தைப்பூசத்தில் தண்ணீர்மலை அடிவாரத்தில் தண்ணீர்ப் பந்தல் பக்கத்தில் அவர்களைக் கண்டோம். லோகுவுக்கு எட்டு வயது, இரட்டைப் பின்னல், முன்பல் இரண்டு இல்லை.

"என்ர குஞ்சு, எப்பிடி இருக்கிறீங்கள்?" என்று புஷ்பராணி குனிந்தாள்.

பிள்ளை மிரண்டு அம்மாவின் புடவைக்குப் பின்னால் போனது. "நல்லா இருக்கேன், ஆண்ட்டி," என்றது அங்கிருந்தே.

"ஏய், யாருன்னு தெரியல? புஷ்பாக்காடி!" வடிவக்காவுக்குச் சங்கடம் தாளவில்லை. "பாருங்களேன் இவள, எல்லாத்தயும் மறந்துட்டா!"

"விடுங்கோ அக்கா, சின்னப் பிள்ளைதானே," என்று சொல்லி, புஷ்பராணி அதற்கு ஐஸ் வாங்கிக் கொடுத்தாள். எது வேண்டும் என்று சாதாரணமாக, பினாங்குத் தமிழிலேயே கேட்டாள்.

திரும்பும்போது கூட்டத்தில் நடந்துகொண்டே அவள் முகத்தைப் பார்த்தேன். வருத்தமா என்று கேட்டேன்.

"கொஞ்சம்," என்றாள். "அப்ப அவளுக்குக் கதைக்க ஆக்கள் குறைவு, நான் வேண்டியிருந்தது. இப்ப பள்ளிக்கூடம் நிறையச் சிநேகிதியள் இருக்கினம். நல்லதுதானே, தனம்?"

நான் இப்போது தாசேக் கெலுகோரில் தமிழ்ப் பள்ளி ஆசிரியை. போன மாதம் ஒரு வேலையாகப் பினாங்குத் தீவுக்குப் போனவள், மதியம் அவளைப் பார்க்கப் போனேன். ஜாலான் பேராக்கில் வாடகை வீட்டின் முன்பகுதியில் அவளே ஒரு பாலர் பள்ளி நடத்துகிறாள். பிள்ளைகள் எல்லாரும் போய்விட்டார்கள். அன்றுதான் புதிதாகச் சேர்ந்த ஒரு சீனப் பையன் மட்டும் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். அவன் அப்பா வரத் தாமதம். எனக்குப் பசி. இரண்டு பேரும் மீ கோரெங் சாப்பிடப் போவதாகத் திட்டம்.

"கொஞ்சம் பொறு," என்று எனக்குச் சைகை காட்டிவிட்டு, அவள் அவன் பக்கத்தில் போய் நின்றாள். அவளுடைய ஹொக்கியன் அரைகுறை. என்னமோ கேட்டாள். அவன் அழுகையை நிறுத்திவிட்டு அவளை அண்ணாந்து பார்த்தான். அவள் சொன்னது தப்பு போலிருக்கிறது, அவன் திருத்தினான். அவள் அதையே திரும்பச் சொன்னாள். மறுபடியும் திருத்தினான், இந்த முறை கொஞ்சம் எரிச்சலோடு. அப்படியே அவன் அப்பாவின் மோட்டார் சைக்கிள் வரும் வரைக்கும் நேரம் போனது. பையன் பின்னால் ஏறி உட்கார்ந்து, திரும்பிக்கூடப் பார்க்காமல் போனான்.

"என்ன சொன்னான்?" என்று கேட்டேன்.

"அப்பாவிட மோட்டார் சைக்கிள் சிவப்பாம். நான் பச்சையெண்டு சொல்லிட்டனாம்," என்று சொல்லிக் கதவைப் பூட்டினாள். "வா, சாப்பிடுவம். பசியில எனக்குத் தலை சுத்துது."